மண்டபத்தை முகாமுக்குக் கேட்டால்

டெல்டாவில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியது. முந்தின நாள் சாயங்காலமே வி.ஏ.ஓ. வந்து, "அண்ணே, சாவி கொடுங்க, கடலோரத்து ஜனங்களைக் கூட்டிட்டு வரணும்" என்றார். கொடுத்துவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. பத்தொன்பது நாள் கழித்துச் சாவி திரும்பி வந்தபோது, முகாம் நடந்த நாள் கணக்கு கோப்பில் ஒன்று, என் நினைவில் ஒன்று. வாடகை என்று எதுவும் வரவில்லை. அந்த அனுபவத்தில் எழுதுவது இது.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 65ஆம் பிரிவு. மீட்புப் பணிக்குக் கட்டிடம் தேவை என்றால் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ, அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர்தான். வீடு, மண்டபம் மட்டுமில்லை, கொட்டகைகூட இதில் அடங்கும். ஆனால் எடுப்பது எழுத்து மூலமான உத்தரவால்தான் இருக்க வேண்டும். தேவை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளவும் முடியாது. சரி, தர மாட்டேன் என்று சொல்லலாமா? தகுந்த காரணமில்லாமல் உத்தரவை மறுத்தால் 51ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அது கிடக்கட்டும். நனைந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வாசலில் நிற்கும்போது யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டப் போவதில்லை.

அதனால் நான் சொல்வது, கதவை முதலில் திறந்துவிடுங்கள். உத்தரவுத் தாளை விடிந்ததும் கேளுங்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்னார் கேட்டு மண்டபத்தை ஒப்படைத்தேன், 65ஆம் பிரிவின்படி உத்தரவு தாருங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை போடத் தேவையில்லை. அந்த நேரத்தில் அவர்களும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

சாவி கொடுக்கும் முன் பத்து நிமிடம் கிடைத்தால் போனை எடுத்து வீடியோ எடுங்கள். மின் மீட்டரின் ரீடிங்கில் ஆரம்பித்து, ஜெனரேட்டர் டேங்கில் குச்சி விட்டு டீசல் அளவு, சமையல்கட்டில் அண்டா, குண்டான், கரண்டி எண்ணிக்கை, மணமகள் அறையின் கண்ணாடி, ஏசி, கழிப்பறைக் குழாய்கள் ஒவ்வொன்றும். அப்புறம் அதையே ஒரு தாளில் எழுதி வி.ஏ.ஓ.விடமோ வருவாய் ஆய்வாளரிடமோ (ஆர்.ஐ.) கையெழுத்து வாங்குங்கள். மகஜர் (நேரில் பார்த்ததை எழுதிக் கையெழுத்திடும் தாள்) மாதிரி இருந்தால் போதும், அழகான கையெழுத்து வேண்டாம். நகை, பத்திரம், முன்பதிவு நோட்டு எல்லாவற்றையும் ஒரு அறையில் வைத்துப் பூட்டி, அந்த அறை முகாமுக்குத் தரப்படவில்லை என்றும் அதே தாளில் எழுதிவிடுங்கள். 2018இல் என்னுடைய முன்பதிவு நோட்டு அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது. புயலுக்கு மறுநாள் கார்த்திகை பிறக்கிறது, முகூர்த்தக் காலம். யார் யார் முன்பணம் கொடுத்தார்கள் என்று நான் பட்ட பாடு இருக்கிறதே!

பணம் 66ஆம் பிரிவில் வருகிறது. வழக்கமாக அந்தக் கட்டிடத்துக்கு என்ன வாடகையோ அது. வாடகைக்கு விடாத கட்டிடம் என்றால், அந்த வட்டாரத்தில் அதே மாதிரி இடத்துக்கு என்ன வாடகையோ அது. இடம் மாறித் தொழில் செய்ய வேண்டி வந்தால் அதற்கான நியாயமான செலவும் உண்டு. ரத்தான கல்யாணத்தின் லாபம் என்று ஒரு வரி அதில் இல்லை, அதை நம்பி உட்காராதீர்கள். உங்கள் வாடகையைக் காட்டப் பழைய ரசீதுகளும் ஜிஎஸ்டி பில்களும் வேண்டும். வரிக்குப் பயந்து பில்லில் பாதித் தொகை போடுகிறவர்களுக்கு அரசும் பாதிதான் கொடுக்கும்!

பலருக்குத் தெரியாத ஒன்று: இழப்பீடு யாருக்கு? கட்டிடம் எடுக்கப்படுவதற்கு முன்னால் உண்மையில் யார் கையில் இருந்ததோ அவருக்கு. அப்படி யாரும் இல்லையென்றால்தான் உரிமையாளருக்கு. குத்தகைக்காரர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குத்தகைப் பத்திரத்தைப் புதுப்பித்து வையுங்கள். 2020இல் கொரோனா தனிமை முகாமுக்கு மறுபடி மண்டபம் போனபோது, உரிமையாளர் ஐயா, "இடம் என்னுது, பணமும் எனக்குத்தான்" என்றார். பத்திரத்தையும் பிரிவையும் காட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார். உத்தரவும் பட்டியலும் கையில் இருந்ததால் அந்த முறை வாடகை வந்தது, தாமதமாகத்தான். தொகை குறைவு என்று தோன்றினால், தொகையைத் தீர்மானிக்கும் நடுவரிடம் அனுப்பச் சொல்லி 30 நாளுக்குள் அரசுக்கு மனு போடலாம்.

திரும்ப வாங்கும்போது அதே பட்டியலை எடுத்துக்கொண்டு அதே ஆளுடன் சுற்றி வாருங்கள். குறைந்தது, உடைந்தது எல்லாவற்றையும் அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்க்காமல் மட்டும் சாவியை வாங்காதீர்கள். முந்நூறு பேர் பத்தொன்பது நாள் இருந்த இடம் அது. லாரிக்கு நான்தான் பணம் கட்டினேன்.