நோக்கமும் தொனியும்: புறநானூறு 184-ஐ வைத்துக் கற்பிக்கும் முறை

ஒருவரை இணங்க வைப்பதற்காக எழுதிய பகுதியைக் கொடுத்து, ‘ஆசிரியர் என்ன சொல்கிறார்?’ என்று கேட்டால் மாணவர்கள் சுருக்கம்தான் எழுதுவார்கள். ‘இதைக் கேட்டபின் யார், என்ன செய்ய வேண்டும்?’ என்று கேளுங்கள், நோக்கம் பிடிபடும். பழக்குவதற்குப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன ‘காய்நெல் அறுத்து’ பாட்டு மிகவும் ஏற்றது. மொத்தம் 11 அடிகள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு 45 நிமிடப் பாடவேளை இரண்டு போதும்.

படி 1: பொருள் (15 நிமிடம்)

முதலில் பொருளைச் சொல்லிவிடுங்கள். சொல் புரியாத பிள்ளையிடம் தொனியைக் கேட்பது நியாயமில்லை. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால், ஒரு ‘மா’ (பழைய நில அளவு) என்ற அளவுக்கும் குறைந்த நிலத்து விளைச்சலே யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால், நூறு வயலானாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவதே அதிகம். முறையறிந்து வரி வாங்கும் அரசனின் நாடு செழிக்கும். முறையறியாதவன் தானும் உண்ணமாட்டான், நாடும் கெடும்.

பாடியவர் யார், யாருக்குப் பாடினார் என்பதை இப்போது சொல்ல வேண்டாம்.

படி 2: நோக்கத்தை ஒரே வரியில்

‘____ என்பவர் ____ செய்ய வேண்டும்’ என்று கரும்பலகையில் எழுதி நிரப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் ‘யானை வயலை அழிக்கும்’ என்று எழுதுவார்கள். அது உவமை. ‘வரியைப் பற்றிப் பாடுகிறார்’ என்பார்கள் சிலர். அது பேசுபொருள். ‘அரசன் குடிகளை வருத்தாமல் அளவறிந்து வரி வாங்க வேண்டும்’ என்று வரும்வரை விடாதீர்கள்.

படி 3: தொனிக்குத் தடயம் தேடுதல்

அடிகளை எண்ணச் சொல்லுங்கள். நல்லரசனுக்கு 2 அடி (5, 6). முறையறியாத அரசனுக்கு 5 அடி (7 முதல் 11 வரை). பாரம் எந்தப் பக்கம் என்பது எண்ணும்போதே தெரிந்துவிடும்.

அடுத்து ‘கல்லென் சுற்றம்’ என்பதிலிருந்து ‘கல்லென்’ என்பதை அழித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வெறும் சுற்றம், அவ்வளவுதான். திரும்பச் சேர்த்தால் அரசனைச் சூழ்ந்து நிற்பவர்களின் இரைச்சல் காதில் விழும். அந்த ஒரு சொல்லில் புலவரின் வெறுப்பு இருக்கிறது. ‘மெல்லியன்’ (அறிவில் மெலிந்தவன்) என்பதையும் இப்படியே சோதிக்கலாம்.

இனி ‘நீ’ என்ற சொல் பாட்டில் எங்கே என்று தேடவிடுங்கள். கிடைக்காது. ‘வேந்தன்’, ‘கிழவன்’ (இங்கே தலைவன் என்று பொருள்) என்று படர்க்கையிலேயே பேசுகிறார். ஏன் என்று அவர்கள் யோசிக்கும்போது, கேட்டவன் பாண்டிய மன்னன் என்பதைச் சொல்லுங்கள். அவன் பெயர் அறிவுடைநம்பி. பாட்டில் வருவதோ ‘அறிவுடை வேந்தன்’. வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

படி 4: தொனிக்குப் பெயர்

அறிவுரை, எச்சரிக்கை, கண்டிப்பு, கெஞ்சல், ஏளனம், பரிவு, மரியாதை ஆகிய ஏழு சொற்களை எழுதிப்போட்டு, இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாட்டிலிருந்து ஒரு சொல்லாவது சான்று வேண்டும். ‘சோகம்’ என்று யாராவது எழுதினால், அது படித்தவரின் உணர்வா, பாடியவரின் குரலா என்று கேளுங்கள். இந்தக் குழப்பம்தான் அதிகம் வரும். இந்தப் பாட்டுக்கு ‘மரியாதையான எச்சரிக்கை’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது சரியாக இருக்கும்.

படி 5: நான்கு வாக்கியப் பத்தி

நோக்கம், தொனி, சான்று, அந்த நோக்கத்துக்கு ஏன் இந்தத் தொனி. நான்காவது வாக்கியத்தில்தான் பலர் திணறுவார்கள். ‘புலவர் நேராகத் திட்டியிருந்தால் அரசன் என்ன செய்திருப்பான்?’ என்று கேளுங்கள், எழுதத் தொடங்கிவிடுவார்கள்.