ஆன்டிபயாடிக் சீட்டோடு மெடிக்கலுக்குப் போகும் முன்

மெடிக்கல் வாசலில் '20% தள்ளுபடி' என்று போர்டு தொங்கினால் கால் தானாக அங்கேதான் போகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஆன்டிபயாடிக்கில் அந்தத் தள்ளுபடி டீச்செலவுக்குத்தான் காணும், பெரிய பணம் மிச்சமாவது எந்தப் பெயரில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து.

தொண்டைப் புண், பல் வீக்கம் என்று போனால் அடிக்கடி எழுதப்படும் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராமும் கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராமும் சேர்ந்தது, கடைக்காரர் வாயில் வெறும் '625'. பேர் போன பிராண்டில் பத்து மாத்திரை 200 ரூபாயை ஒட்டி வரும். அதே 625 மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி கடை) பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது.

அதனால் வேலை டாக்டர் அறையிலேயே தொடங்குகிறது. "மூலப்பொருள் பேரையும் எழுதிக் கொடுங்க டாக்டர், ஜெனரிக் வாங்கிக்கிறேன்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஜெனரிக் என்றால் பேர் போன பிராண்ட் இல்லாமல் மூலப்பொருள் பெயரில் விற்கும் அதே மருந்து. சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் கடைக்காரர் தானாக மாற்றித் தரக் கூடாது, நேர்மையானவர் தரவும் மாட்டார்.

அப்புறம் கடை. மக்கள் மருந்தகம் தவிர, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் மக்கள் மருந்தக விலை தெரியும், பக்கத்துக் கடை எது என்றும் காட்டும். ஆனால் போன் போட்டு இருப்பு கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லாத மருந்துக்கு அலைவது வெட்டி வேலை. ஆன்லைனில் ஆர்டர் போட்டு இரண்டு நாள் காத்திருப்பது சர்க்கரை மாத்திரைக்குச் சரி, காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு முதல் மாத்திரை இன்றைக்கே போக வேண்டும். நேரமில்லை என்றால் பக்கத்துக் கடையிலேயே வாங்கிவிடுங்கள்.

பக்கத்துக் கடையிலும் கேட்க ஒன்று இருக்கிறது. "இதே மருந்து வேற கம்பெனியில குறைஞ்ச விலைக்கு இருக்கா?" என்று சீட்டைக் காட்டிக் கேளுங்கள். சில ஜெனரிக் அட்டைகளில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கும் கடைக்காரர் கொள்முதல் செய்த விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், பேசினால் பாதிக்குக்கூட இறங்குவார். வாங்கும் முன் மூலப்பொருள், மில்லிகிராம் இரண்டும் சீட்டோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாற்று கம்பெனிக்கு டாக்டரிடம் ஒரு போன் போட்டுச் சரி கேட்டுவிடுவது நல்லது. எம்.ஆர்.பி.யிலேயே ஜிஎஸ்டி அடக்கம், பில்லில் தனியாக ஏற்றினால் விடாதீர்கள்.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். அஸித்ரோமைசின் 500 தினம் ஒன்று, மூன்று நாள் என்று எழுதியிருந்தால் மூன்றுதான் வேண்டும், ஐந்து மாத்திரை அட்டையை முழுசாகத் தள்ளப் பார்ப்பார்கள். வெட்டித் தரச் சொல்லுங்கள், வெட்டிய துண்டில் காலாவதித் தேதி இல்லாவிட்டால் மீதி அட்டையை வாங்கிப் பார்த்துவிடுங்கள். இது வேறு, காசு மிச்சம் என்று ஐந்து நாள் மருந்தை நாமாக மூன்று நாளில் நிறுத்துவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். போன வருஷம் மிஞ்சியதை எடுத்துப் போடுவதும் அதே ரகம்தான்.

கையில் காசே இல்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஓ.பி. சீட்டு போட்டால் டாக்டர் எழுதும் சாதாரண ஆன்டிபயாடிக்குகள் இலவசம். வரிசையில் நிற்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கு எழுதும் பவுடர் சிரப்பில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 5 மில்லி வீதம் தினம் இரண்டு வேளை, ஐந்து நாள் என்றால் 50 மில்லி, அதாவது 30 மில்லி பாட்டில் இரண்டு. இரண்டையும் முதல் நாளே தண்ணீர் விட்டுக் கலக்கிவிடாதீர்கள். முதல் பாட்டில் தீர்ந்த பிறகு அடுத்ததைக் கலக்கினால் போதும். நடுவில் டாக்டர் மருந்தை மாற்றினால், மூடி திறக்காத பாட்டிலைப் பில்லோடு கொண்டுபோனால் பல கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.