காசும் கேஷும் அண்ணன் தம்பி அல்ல: சொல்லின் வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு தமிழ்த்தினப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு ‘ஆங்கிலத்தில் வாழும் தமிழ்ச் சொற்கள்’. என் மேசைக்கு வந்த கட்டுரைகள் 14. அவற்றில் 11 கட்டுரைகளின் முதல் வரி ஏறக்குறைய ஒன்றுதான்: ஆங்கிலேயர் கேஷ் என்று சொல்வது நம்முடைய காசைத்தான். பன்னிரண்டாவது கட்டுரை அதையே இரண்டாம் பத்தியில் சொன்னது. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் முற்றத்து வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள்மேல் கோபம் வரவில்லை. 19 ஆண்டுகளுக்கு முன் அதே வரியை நானும் எழுதினேன். எழுதியதோடு நில்லாமல் அச்சிலும் ஏற்றினேன்.

அகராதியைத் திறக்காமலே எழுதுவது, கைப்பேசியில் வந்த பட்டியலை அப்படியே படியெடுப்பது ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை தவறு என்பது செய்பவருக்கே தெரியும். அகராதியும் கையுமாகத் திரிபவர்கள் விழுகிற குழிகள் வேறு.

காது சொன்னதை நம்புவது

மொழிபெயர்ப்பு வகுப்புகளுக்காக எழுதிவைத்த குறிப்புகளைத் தொகுத்து 64 பக்கத்தில் ஒரு சிறு நூல் போட்டேன். 500 பிரதிகள். அட்டையில் யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட சேது நாணயத்தின் படம்; படுத்திருக்கும் நந்தியும் கீழே ‘சேது’ என்ற எழுத்தும். அதற்கு மேல் நான் வைத்த வாசகம்: ‘கேஷ் பிறந்த வீடு’. நல்லூரடியில் ஒரு சிறு மண்டபத்தில் வெளியீடு. வடையும் தேநீரும் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில், முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் நூலோடு வந்தார். ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.

“தம்பி, நல்ல வேலை செய்திருக்கிறீர். ஆனால் பெட்டியை மறந்துவிட்டீர்” என்றார்.

“எந்தப் பெட்டி, ஐயா?”

“நாளைக்கு வீட்டுக்கு வாரும். காட்டுகிறேன்.”

மறுநாள் வண்ணார்பண்ணையில் அவருடைய வீட்டு விறாந்தையில் ஆங்கில அகராதியின் தடித்த தொகுதி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். ஒரே எழுத்தில் இரண்டு பதிவுகள். முதலாவதன் தலையில் பொடியாக 1, இரண்டாவதன் தலையில் 2. நான் இரண்டாம் பதிவில் ‘தமிழ், காசு’ என்று கண்ட மகிழ்ச்சியில் அகராதியை மூடியவன். அந்தப் பொடி எண்ணைப் பார்க்கவே இல்லை. அவர் விரல் வைத்தது முதலாம் பதிவில்.

கடையில் கொடுக்கிற, வங்கியில் எடுக்கிற கேஷ் அதுதான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பணம் என்றும் பொருள் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து பணம் மட்டும் மிஞ்சியது. பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தோ இத்தாலியச் சொல்லான ‘காஸ்ஸா’விலிருந்தோ அது ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டுக்கும் மூலம் இலத்தீனின் ‘காப்ஸா’, பெட்டி. நாம் மருந்தாக விழுங்கும் கேப்ஸ்யூல் அதே குடும்பத்துச் சின்னப் பெட்டி. மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

பெட்டியின் பெயர் பணத்துக்கு எப்படி வரும் என்று கேட்டேன். கிழவர் சிரித்தார். என் சிறிய தந்தையார் கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருந்தவர். வியாபாரம் எப்படி என்று கேட்டால், “இன்றைக்கு லாச்சி மோசம்” என்பார். மேசை இழுப்பறையில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் விழுந்த பணம்தான் போதவில்லை. வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பேச்சு எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இப்போது இதை வகுப்பில் விளக்குவது எளிது. வெளிநாட்டு உறவினர் இல்லாத வீடு இங்கே குறைவு. பாரிஸில் லா சப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் மருமகன் அனுப்பிய படத்தில், பணம் வாங்கும் மேசைக்கு மேலே பிரெஞ்சில் ‘கெஸ்’ என்று எழுதியிருக்கிறது. ஜெர்மனியில் இருப்பவர்கள் பேரங்காடியில் பணம் கட்ட வரிசையில் நிற்பது ‘காஸ்ஸெ’ என்ற பலகைக்குக் கீழே. கேஷ் நம் காசு என்றால் அந்தப் பலகைகளையும் நாம்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சாசனம் கிடைத்ததே 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். அதற்கு முன்பே லண்டன்காரர் கேஷ் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படியானால் இரண்டாம் பதிவு? அதுதான் உண்மையான நம் காசு. என் எரிச்சல் இன்றுவரை ஆறாததற்குக் காரணமும் அதுவே: பொய்யை விட்டிருந்தால் அதைவிடச் சுவையான மெய் கையில் இருந்தது. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துக்கேயர் நம் கடைத்தெருக்களில் காசு என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்குப் பெயர் ‘கைஷா’, அதே இலத்தீன் பெட்டியின் வழி வந்தது. காதில் விழுந்த காசைத் தங்களுக்குத் தெரிந்த கைஷாவின் எழுத்திலேயே எழுதிவிட்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கி, கீழைநாடுகளின் சில்லறைச் செப்புக்காசுகளுக்கெல்லாம் கேஷ் என்று பெயரிட்டார்கள். சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 வரை கம்பனிக் கணக்கு இப்படித்தான் நடந்தது. ஒரு வராகனுக்கு 3,360 காசு என்று கணக்குப்பிள்ளைகள் எண்ணியிருப்பார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள். சீன நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர்! அட்டையில் அதைப் போட்டிருக்கலாம்.

ஆக, ஆங்கிலத்தில் காசு உண்டு. ஆனால் அது நாணயத்தின் பெயராகத் தனியே நிற்கிறது. பணம் என்ற பொதுப்பொருளில் வழங்கும் கேஷ் வேறு பிறப்பு. இரண்டும் எழுத்தில் ஒன்றாகப் போனது தற்செயல். ஒருவரை வேலையிலிருந்து அவமானப்படுத்தி நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அது ஒல்லாந்தரிடமிருந்து வந்தது, காசாளரைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற பெயரோடு அதற்கு உறவில்லை. இங்கே ‘காசாளர்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் வேறு ஒலியால் நெருங்கி நின்று குழப்பத்தைக் கூட்டுகிறது.

அச்சகத்துக்கு மறுபடி போய் அட்டையை மட்டும் புதிதாக அடித்தேன். உள்ளே 7ஆம் பக்கத்தில் ஒட்டத் திருத்தச் சீட்டு. விற்காமல் இருந்த பிரதிகளை வீட்டுக் கூடத்தில் பரப்பி, பசைச் சட்டியோடு நானும் மனைவியும் இரண்டு இரவு உட்கார்ந்தோம். “காசு வேறு, கேஷ் வேறு என்று தெரிந்துகொள்ள இவ்வளவு காசா?” என்று கேட்டாள். பழைய நிகண்டுகளில் காசுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. என் முதல் அட்டைக்கு அந்தப் பொருள்தான் பொருந்தியது.

எனவே, ஒலி ஒத்த இரண்டு சொற்களைக் கண்டால் மூன்றைத் தேடுங்கள். அந்நிய மொழியில் அதன் மிகப் பழைய பொருள் என்ன? எந்த ஆண்டில் முதலில் எழுதப்பட்டிருக்கிறது? அந்த ஆண்டுக்கு முன் நம்மவரும் அவர்களும் எங்கே சந்தித்தார்கள்? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் பேனையைக் கீழே வையுங்கள்.

ஊர்ப்பற்றால் ஆண்டை மறப்பது

‘செரூட்’ நம் சுருட்டு. இதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கட்டுரை, அந்தச் சொல் யாழ்ப்பாணத்திலிருந்துதான் லண்டனுக்குப் போனது என்றது. புகையிலைத் தோட்டத்து மணத்தோடு வளர்ந்த பிள்ளையாக இருக்கும். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல்வழி போனது உண்மை. ஆனால் பிரித்தானியர் இந்தக் கோட்டைக்குள் நுழைந்தது 1795இல். செரூட் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் உண்டு. சொல்லைக் கொடுத்தது அக்கரைத் தமிழாக இருக்க வேண்டும்.

சேர்ந்த இடத்தில் சொல் என்ன ஆனது என்று பாராமல் விடுவது

கட்டுமரத்தைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், ‘கட்டமரான் தமிழ்ச் சொல்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மரங்களைக் கயிற்றால் பிணைத்து, கரைக்கு வந்ததும் பிணைப்பை அவிழ்த்துக் காயவிடும் தொழில் நம்முடையது. மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் இந்தப் பெயரைக் குறிக்கிறார். 1804இல் நெப்போலியனின் படகுகளை பூலோன் துறைமுகத்தில் தகர்க்க பிரித்தானியர் அனுப்பிய வெடிக்கலங்களுக்கும் இதே பெயர். பிறகு, யாரோடும் ஒத்துப்போகாத சண்டைக்காரப் பெண்ணையும் ஆங்கிலேயர் ‘கட்டமரான்’ என்று திட்டினார்கள்; ஏன் என்று பருத்தித்துறைக் கடற்றொழிலாளரிடம் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். 1876இல் அமெரிக்கர் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்க்கலம் ஒன்றைச் செய்து பந்தயத்தில் ஓட்டினார். இன்றைய உல்லாசக் கட்டமரான் அந்த வழியில் வந்தது. இரண்டு உடலைக் குறுக்கே பிணைக்கும் அமைப்பு பசிபிக் தீவினருடையது, பெயர் மட்டும் நம்முடையது. அதை நம் முன்னோரின் கண்டுபிடிப்பு என்று எழுதினால் பசிபிக் தீவினரின் உழைப்பைத் திருடுகிறோம்.

மலையாளம் என்று கண்டால் வெட்டிவிடுவது

ஒரு மாணவர் அகராதியிலிருந்து எழுதிய ‘மலையாளம்’ என்ற சொல்லைத் தானே அடித்துவிட்டு மேலே ‘தமிழ்’ என்று எழுதியிருந்தார், அடித்த கோடு தாளைக் கிழிக்கும் அளவுக்கு. போர்த்துக்கேயர் இறங்கிய கரை மலபார். ஆங்கிலத்தில் ‘டீக்’, ‘காயர்’ என்று வழங்கும் தேக்கும் கயிறும் அவர்கள் காதில் அங்கே விழுந்தன. அக்காளிடம் வாங்கினாலும் தங்கையிடம் வாங்கினாலும் வீடு ஒன்றுதான்.

கறி

நம் கறி போர்த்துக்கேய மொழியில் ‘கரில்’ ஆகி ஆங்கிலத்துக்கு ‘கறி’யாகவே போய்ச் சேர்ந்தது. குதிரையின் உடம்பைத் தேய்த்துவிடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்தில் ஒரு வினை உண்டு, பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஏறக்குறைய 1390இல் ஆங்கில அரசவைச் சமையற்காரர் தொகுத்த குறிப்பு நூலின் பெயரிலும் இதுபோன்ற ஒரு சொல் வருகிறது; அது சமைத்தல் என்ற பிரெஞ்சுச் சொல். போர்த்துக்கேயர் இந்தியாவை அடைவதற்கு நூறு ஆண்டுக்கு முன் நம் கறி இங்கிலாந்து மன்னரின் அடுப்பில் கொதித்தது என்று இதை வைத்து மேடையில் முழங்குபவரை நானே கேட்டிருக்கிறேன். கைதட்டலும் பலமாக இருந்தது.

அரிசி

ஆங்கிலத்தின் ‘ரைஸ்’ நம் அரிசியிலிருந்து வந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு எழுதாதீர்கள்.

வந்ததை ஒளிப்பது

கொடுத்ததைச் சொல்லும்போது நிமிரும் தலை, வாங்கியதைச் சொல்லும்போது ஏன் குனிகிறது? கதிரை என்பது ‘கதிர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, நெற்கதிரைப் பரப்பி உட்கார்ந்ததால் அந்தப் பெயர் என்று ஒரு பேச்சாளர் விளக்கினார். அவர் அப்போது உட்கார்ந்திருந்தது போர்த்துக்கேயரின் ‘கடெய்ரா’வில். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தவர்கள் சப்பாத்து, அலவாங்கு, குசினி, அலுமாரி, பாண் எல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள். ஒல்லாந்தர் கந்தோரைத் தந்தார்கள். சிறிய தந்தையாரின் லாச்சியும் அவர்களுடையதுதான்.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் படியுங்கள். அவருடைய முடிவுகள் பலவற்றோடு நான் உடன்படுவதில்லை. ஆனால் ஒரு சொல்லுக்காக எத்தனை மொழிகளின் கதவைத் தட்டியிருக்கிறார் என்று பார்த்தால் நம் சோம்பல் நமக்கே தெரியும்.

திருத்தம்

விற்றுப்போன பிரதியைத் திருத்தச் சீட்டு துரத்திப் பிடிக்காது. அந்த 11 கட்டுரைகளில் ஒன்று தன் கூற்றுக்கு என் நூலையே மேற்கோள் காட்டியிருந்தது, 7ஆம் பக்கம். பக்க எண் சரி. அதற்கு மட்டும் ஒரு புள்ளி போட்டேன்.