பழைய காம்பாக்ட் டிஜிட்டல் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2000களில் வெளிவந்த, சட்டைப் பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமராக்களை இளைஞர்கள் தேடித் தேடி வாங்குவது சில ஆண்டுகளாகக் கூடியிருக்கிறது. செல்போன் படங்களின் அளவுக்கு மீறிய மெருகு சலித்துப்போய் அவர்கள் இந்தப் பக்கம் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், இந்தக் கேமராக்கள் புதிதாக வந்த காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. லென்ஸை விரலால் தொடக்கூடாது, கேமராவின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைக்குள்ளேயே சோதித்துப் பார்த்து வாங்குவது

பணத்தை மொத்தமாக விழுங்கும் தவறு இதுதான். எத்தனை பேரிடம் சொன்னாலும் நிற்காத தவறும் இதுதான். கேமராவை ஆன் செய்கிறார்கள். லென்ஸ் வெளியே வருகிறது, திரையில் காட்சி தெரிகிறது. கடைக்காரரையே ஒரு படம் எடுத்துப் பார்க்கிறார்கள், அதுவும் தெளிவாக இருக்கிறது. உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

என் அக்கா மகன் அப்படித்தான் ஒரு கேமராவை வாங்கி வந்தான். மறுநாள் காலை கடற்கரையில் அவன் எடுத்த படங்கள் அத்தனையும் வெளிறிப்போயிருந்தன. வானம் எது, மணல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. படத்தின் குறுக்கே மெல்லிய கோடுகள் வரிவரியாக ஓடின. “கடையில நல்லாத்தான் இருந்துச்சு மாமா” என்றான். அவன் சொன்னது உண்மை. கடைக்குள் அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லுதான் சென்சார்; அந்தக் காலத்தில் பரவலாக இருந்த அதன் ஒரு வகை சிசிடி (CCD). சிசிடி சென்சார் கொண்ட காம்பாக்ட் கேமராக்களில், திரையில் நேரடியாகத் தெரியும் காட்சிக்கு ஷட்டர் தகடுகளின் உதவி தேவையில்லை. படம் எடுக்கும்போது மட்டும் அவை மூடிக்கொண்டு, சென்சாரில் பதிந்த தகவல் முழுவதும் வெளியே எடுக்கப்படும்வரை ஒளியைத் தடுத்து நிற்கின்றன. பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த கேமராவில் இந்தத் தகடுகள் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், தகவல் வெளியேறிக்கொண்டிருக்கும்போதும் ஒளி விழுந்துகொண்டே இருக்கும். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படி விழும் கூடுதல் ஒளி சொற்பம் என்பதால் குறை கண்ணில் படுவதில்லை. வெயிலில் அதே ஒளி வெள்ளமாகப் பாய்ந்து படத்தை அழித்துவிடுகிறது. தகடுகள் மூடிய நிலையில் சிக்கியிருந்தால் படம் முழுக் கறுப்பாக வரும். அதையாவது கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே, கேமராவைக் கையில் வாங்கியதும் கடை வாசலுக்கு வந்துவிடுங்கள்; வாசலுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று சொல்லும் கடையில் வாங்கவே வேண்டாம். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெயில் விழும் சுவர் ஒன்றை ஜூம் இல்லாமலும் முழு ஜூமிலும் எடுங்கள். பிறகு முழு ஜூமிலேயே மேகமில்லாத வானத்தை எடுங்கள். சென்சாரில் தூசு இருந்தால் அது மங்கலான கரும்புள்ளியாகத் தெரியும். சுவரின் படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால், கேமரா எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் கோணியிருக்க வாய்ப்பு அதிகம். கேமராவின் சிறிய திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும் என்பதால், கார்டு ரீடர் ஒன்றை எடுத்துச் சென்று படங்களைச் செல்போனில் பாருங்கள்.

திரைக் காட்சி நன்றாக இருந்து, எடுத்த படம் மட்டும் கெட்டிருந்தால் பழுது பெரும்பாலும் ஷட்டரில் இருக்கும். மெனு எழுத்துகள் ஒழுங்காகத் தெரிந்து, காட்சி மட்டும் ஊதா நிறமாகவோ நெளிந்தோ இருண்டோ தெரிந்தால் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். சோனி 2002 முதல் 2004 வரையிலான காலத்தில் தயாரித்த சில சிசிடி சென்சார்களில் இப்படியொரு குறை இருந்தது 2005இல் வெளிப்பட்டது. அதே சென்சார்களைப் பொருத்தியிருந்த கேனான், நிகான், ஃபியூஜி, ஒலிம்பஸ் உள்ளிட்ட நிறுவனங்களும் அப்போது இலவசமாகப் பழுதுபார்த்துத் தந்தன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் வெளிப்படும் குறை அது என்பதால், சென்னை போன்ற ஊர்களில் அந்தக் காலத்துக் கேமராவை வாங்குவோர் இரு மடங்கு கவனத்துடன் இருக்க வேண்டும்.

லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத கேமரா இது. உதிரிபாகம் வேண்டுமென்றால் அதே மாடலில் செத்துப்போன இன்னொரு கேமராவைத்தான் தேட வேண்டும். கடை வாசலில் செலவழிக்கும் பத்து நிமிடம் முழு விலையையும் காப்பாற்றும் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வது அதனால்தான்.

மெமரி கார்டைப் பற்றிக் கேட்காமல் இருப்பது

2006இல் அறிமுகமான, கொள்ளளவு கூடிய எஸ்டிஎச்சி (SDHC) வகைக் கார்டுகளை அதற்கு முந்தைய கேமராக்கள் அடையாளம் காண்பதில்லை. 2 ஜிபி அல்லது அதற்கும் குறைந்த பழைய எஸ்டி கார்டுதான் அவற்றுக்குப் பொருந்தும். குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும் படங்களுக்காக இன்றும் கொண்டாடப்படும் ஃபியூஜி எஃப்31எஃப்டி (F31fd) கேமரா, எக்ஸ்டி (xD) என்ற தனி வகைக் கார்டை மட்டுமே ஏற்கும். அந்தக் கார்டு இப்போது தயாரிப்பில் இல்லை. கேமரா மலிவாகக் கிடைத்தாலும் கார்டு கிடைப்பது பெரும்பாடு. சோனியின் பழைய சைபர்ஷாட் கேமராக்களுக்கு மெமரி ஸ்டிக் என்ற வேறு வகைக் கார்டு தேவைப்படும். கேமராவுடன் கார்டும் சார்ஜரும் சேர்ந்து வராவிட்டால், அவை இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே பேரத்தைத் தொடங்குங்கள்.

சிசிடி என்ற சொல்லுக்குப் பணம் கொடுப்பது

சிசிடி என்றாலே ஃபிலிம் போன்ற நிறம் கிடைக்கும் என்று நம்பி இரட்டை விலை கொடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் வந்த மிக மட்டமான காம்பாக்டுகளிலும் சிசிடிதான் இருந்தது. நிறத்தைத் தீர்மானிப்பதில் சென்சாருக்கு மேலுள்ள வண்ண வடிகட்டிக்கும், ஜேபெக் கோப்பை உருவாக்கும் மென்பொருளுக்கும், வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வொய்ட் பேலன்ஸுக்கும் பெரும் பங்கு உண்டு. 2010இல் வந்த கேனான் எஸ்95இல் சிசிடியும், அடுத்த ஆண்டு வந்த எஸ்100இல் சிமாஸ் (CMOS) என்ற வேறு வகைச் சென்சாரும் இருந்தன; இரண்டிலுமே அருமையான படங்கள் எடுக்கலாம். சென்சாரின் பெயரைப் பார்ப்பதைவிட அதன் அளவைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மெகாபிக்சலும் அப்படித்தான். ஜி10இல் 14.7 மெகாபிக்சல் வைத்த கேனான், அடுத்து வந்த ஜி11இல் அதை 10 ஆகக் குறைத்தது. குறைந்த வெளிச்சப் படங்கள் தேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுவது

சிறிய சென்சார் கொண்ட பழைய கேமராவில், ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 400ஐத் தாண்டினாலே நிழல் பகுதிகளில் நிறப்புள்ளிகள் மொய்க்கத் தொடங்கும். 80 அல்லது 100இல் நிறுத்திவைத்து, வெளிச்சம் போதாதபோது கேமராவைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். வெயிலில், படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை மெனுவில் -1/3 என்று குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் சென்சார்களில் வெளுத்துப்போன வெள்ளைச் சட்டையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

டிஜிட்டல் ஜூம்

படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான் இது. மெனுவில் அணைத்துவிடுங்கள்.

சாதாரண ஏஏ பேட்டரி

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி, லென்ஸை வெளியே தள்ளவும் ஃபிளாஷை நிரப்பவும் தேவையான மின்சாரத்தை ஒரேயடியாகத் தர முடியாமல் சில படங்களிலேயே ஓய்ந்துவிடும். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளையே போடுங்கள். லித்தியம் பேட்டரி போடும் கேமராவாக இருந்தால், உப்பிய பேட்டரியை ஒருபோதும் அழுத்தித் திணிக்காதீர்கள்.

தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டுவது

தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். கேமராக்காரர்கள் ஃபங்கஸ் என்று சொல்லும் இது, லென்ஸின் உட்பக்கக் கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் படர்ந்து, நாளடைவில் அதன் மேற்பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்திருப்பது போதுமானது. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்து, லென்ஸை முழுவதும் நீட்டி மடக்கி, ஷட்டர் இயங்கும்படி சில படங்களை வெளிச்சத்தில் எடுங்கள்.