தொடை வளரணுமா? முதலில் இந்தத் தவறுகளை விடுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் எந்த ஜிம்முக்கும் சாயங்காலம் போய்ப் பாருங்கள். மார்புக்கான பெஞ்ச் பிரஸ்ஸுக்கு ஆள் காத்திருக்கும், தோளில் பாரம் ஏற்றி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ரேக் சும்மா கிடக்கும். மார்பும் கையும் திரண்டிருக்க, அரைச் சிலுவாருக்குக் கீழே கால் மட்டும் மெலிந்து நிற்கும் தம்பிகள் இங்கே நிறைய. இவர்களில் பலர் கால் பயிற்சியைத் தட்டிக்கழிப்பவர்கள் அல்லர். வாரம் தவறாமல் செய்கிறார்கள். செய்யும் முறையில்தான் கோளாறு.

ஆழமாக இறங்காமல் எடையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சாய்ந்து உட்கார்ந்து காலால் பலகையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் பக்கத்துக்கு ஆறு 20 கிலோ தகடு, மொத்தம் 240 கிலோ ஏறியிருக்கும். பலகையோ ஒரு சாண்கூட இறங்காது. போதாததற்கு இரண்டு கையும் முட்டியைப் பிடித்துத் தள்ளிக்கொடுக்கும். தசை நன்றாக இழுபட்ட நிலையில் பாரம் தாங்கும்போதுதான் வளர்ச்சிக்கான தூண்டல் வலுவாகக் கிடைக்கிறது. பாதியில் திரும்புகிறவர் அந்தப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார். முழு ஸ்குவாட்டையும் அரை ஸ்குவாட்டையும் ஒப்பிட்டு 2019இல் ஜப்பானியர்கள் வெளியிட்ட ஆய்வில், பிட்டத் தசையும் உள்தொடைத் தசையும் முழுதாக இறங்கியவர்களுக்கே கூடுதலாக வளர்ந்தன. 1981 மிஸ்டர் ஒலிம்பியா உடற்கட்டுப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற டாம் பிளாட்ஸின் கால்களை இன்றும் பேசுகிறார்கள். அவர் அடிமட்டம் வரை இறங்கி எழுந்தவர்.

அதனால் எடையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று வினாடி எடுத்துத் தொடை தரைக்குச் சமமாக வரும்வரை இறங்குங்கள், முடிந்தால் அதற்கும் கீழே. குதிகால் தரையை விட்டு எழும்பினால் பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம்தான் காரணம். குதிகாலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்துச் செய்து பாருங்கள். முட்டி கால்விரலைத் தாண்டினால் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஆரோக்கியமான முட்டிக்கு அப்படி ஒன்றும் ஆகாது. லெக் பிரஸ்ஸில் மட்டும், இடுப்பு இருக்கையை விட்டுச் சுருண்டு எழும்பும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள், முதுகுக்கு நல்லது.

ஸ்குவாட் போட்டால் கால் முழுவதற்கும் ஆயிற்று என்று நினைப்பது அடுத்த தவறு. அதே ஜப்பானிய ஆய்வில் பின்தொடை வளரவே இல்லை. பின்தொடைத் தசையின் பெரும்பகுதி இடுப்பையும் முட்டியையும் சேர்த்தே கடக்கிறது. நீங்கள் உட்காரும்போது இடுப்புப் பக்கம் நீளும், முட்டிப் பக்கம் சுருங்கும். ஆக மொத்தம் அதன் நீளம் அதிகம் மாறுவதில்லை. அதற்கென்று முட்டியை லேசாக மடக்கி இடுப்பிலிருந்து குனிந்து எழும் ரோமேனியன் டெட்லிஃப்டும், எடைக்கு எதிராக முட்டியை மடக்கும் லெக் கர்லும் வேண்டும். குப்புறப் படுத்துச் செய்யும் கர்லைவிட உட்கார்ந்து செய்யும் கர்லில் வளர்ச்சி அதிகம் என்று 2021இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. முன்தொடையின் நடுத் தசையும் ஸ்குவாட்டில் பெரிதாக வளராது, அதற்கு உட்கார்ந்தபடி எடையோடு முட்டியை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன்.

செம்பனைத் தோட்டத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை. "நாள் முழுக்கக் குலை வெட்டித் தள்ளுவண்டி தள்ளுறேன், காலுக்கு வேற எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உழைப்பு தெம்பைக் கொடுக்கும், பருமனைக் கொடுக்காது. ஏறக்குறைய அதே பாரத்தை நாளெல்லாம் நகர்த்துவதற்கு உடம்பு எப்போதோ பழகிவிட்டது. பருக்க வேண்டுமானால், ஒரு செட்டில் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றில்) இன்னும் ஒன்றிரண்டு தடவைதான் எழ முடியும் என்ற நிலைவரை போக வேண்டும், வாரங்கள் போகப் போக எடையோ எண்ணிக்கையோ ஏற வேண்டும். ஆனால் வேலைக் களைப்பு பொய் இல்லை. செம்பனைக் காட்டில் வெயிலில் வெந்துவிட்டு வந்த சாயங்காலமே கனமான ஸ்குவாட் வேண்டாம். விடுமுறை நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு ஏற்றும் எடையே வேறாக இருக்கும்.

ஒரே நாளில் இருபத்தைந்து செட் போட்டு, மறுநாள் படி இறங்க முடியாமல் தவிப்பதைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். வலி வளர்ச்சிக்கு அளவுகோல் அல்ல. அதை வாரத்தில் இரண்டு நாளாகப் பிரித்து, ஒவ்வொரு தசைக்கும் வாரம் பத்துப் பன்னிரண்டு கடினமான செட் போட்டால் பெரும்பாலோருக்குப் போதும். செட்டுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். எடையையும் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், போன வாரம் என்ன தூக்கினோம் என்று யோசிக்கும் வேலை மிச்சம்.

சாப்பாட்டிலும் கோட்டை விடுகிறோம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் 65 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 104 கிராம். பயிற்சி முடிந்து ரொட்டி சானாய் இரண்டும் தே தாரிக்கும் குடித்துவிட்டுப் படுத்தால் அதில் கால்வாசிகூடத் தேறாது. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், தெம்பே 100 கிராமில் 19 கிராம் அளவு. கோழியும் கெம்போங் மீனும் இருக்கின்றன. பவுடர் டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

கடைசியாகக் கெண்டைக்கால். "பரம்பரையிலேயே இல்லை" என்று கைவிடுவதற்கு முன், துள்ளித் துள்ளிச் செய்வதை நிறுத்துங்கள். முட்டியை நீட்டி நின்று, குதிகாலை அடிவரை இறக்கி, அங்கே இரண்டு வினாடி நின்று, பிறகு ஏறுங்கள்.