சல்வடார் போறீங்கன்னா கிழமை பாத்து பிளான் போடுங்க

பிரேசில் போற நம்ம ஆளுங்க பெரும்பாலும் ரியோ, சாவ் பாலோ, இகுவாசு அருவின்னு முடிச்சுட்டு கிளம்பிடறாங்க, வடகிழக்குல பஹியா மாநிலத்துக்கு தலைநகரா இருக்கற சல்வடார் லிஸ்ட்லயே வர்றதில்ல. எனக்கு அதுல உண்மையாவே வருத்தம் உண்டு. 1549ல போர்ச்சுகல்காரங்க கட்டி 1763 வரைக்கும் பிரேசிலுக்கே தலைநகரா இருந்த ஊரு, ஆப்பிரிக்காலேர்ந்து அடிமையா கொண்டுவந்தவங்க இறங்கின பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணு, இன்னிக்கும் ஊர்ல பத்துக்கு எட்டு பேர் கறுப்பினமோ கலப்பினமோதான், அவங்க சாப்பாடு, சாமி, மேளம் எல்லாம் மியூசியத்துக்குள்ள இல்லாம தெருவுல உயிரோட இருக்கு.

போறவங்களும் ஒரு டாப் டென் லிஸ்ட்ட எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் அடிச்சுட்டு "பரவால்ல, நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு வந்துடறாங்க. இந்த ஊருக்கு அது சரிப்படாது, ஏன்னா ஒரே இடம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆளே இல்லாம கிடக்கும். அதனால எங்க போறதுங்கறத விட எந்த கிழமை எந்த நேரத்துல போறதுங்கறதத்தான் முதல்ல முடிவு பண்ணணும். குறைஞ்சது ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் உள்ள வர்ற மாதிரி டிக்கெட் போடுங்க.

முதல்ல ஊரோட அமைப்பு. மேல் ஊர், கீழ் ஊர்னு ரெண்டு தட்டு, நடுவுல செங்குத்தான மலைச்சரிவு. ரெண்டையும் இணைக்கறது எலெவடோர் லசெர்டாங்கற லிஃப்ட், 1873ல திறந்தது, உயரம் 72 மீட்டர், இப்ப பாக்கற ஆர்ட் டெக்கோ முகப்பு 1930ல வந்தது. நம்ம மாதிரி டூரிஸ்ட் மட்டும் இல்ல, வேலைக்கு போறவங்க, காய்கறிப் பையோட வர்றவங்க எல்லாரும் தினம் இதுலதான் ஏறி இறங்கறாங்க. சவாரி அரை நிமிஷம்தான், கண்ணாடி வழியா வெளிய பாக்கலாம்னு நினைக்காதீங்க, வியூ எல்லாம் மேல இருக்கற சதுக்கத்துல நின்னு பாக்கறதுதான், அங்கேர்ந்து வளைகுடா மொத்தமும் தெரியும். கீழ இறங்கினா எதிர்லயே மெர்காடோ மொடேலோ, 19ம் நூற்றாண்டு சுங்கக் கட்டடம், இப்ப கைவினைப் பொருள் சந்தை. அங்க பேரம் பேசலாம், ஆனா வாங்கியே ஆகணும்னு எதுவும் இல்ல.

தங்கறதுக்கு என்னோட சாய்ஸ் கடற்கரை பக்கம் பார்ரா. மேப்ல பார்ரான்னுதான் இருக்கும், டிரைவர்கிட்ட சொல்லும்போது பாஹான்னு சொன்னாத்தான் சட்டுன்னு புரியும். பழைய வீடுகளும் அமைதியும் வேணும்னா சாந்தோ அன்டோனியோ, ராத்திரி சாப்பாடு, கூட்டம், பாட்டுன்னு வேணும்னா ரியோ வெர்மேலியோ. பழைய ஊரான பெலோரின்யோக்குள்ளயே தங்கறது ஆசையா இருக்கும், ஆனா ராத்திரி லேட்டா திரும்பி வர்ற ஆளா இருந்தா வேண்டாம்.

இப்ப செவ்வாய்க்கிழமை. இத பெலோரின்யோக்கு மொத்தமா ஒதுக்குங்க. திங்கள்ல நிறைய மியூசியம் மூடியிருக்கும், அதனாலயும் செவ்வாய்தான் சௌகரியம். காலைல தெரெய்ரோ தெ ஜெசூஸ் சதுக்கத்துல ஆரம்பிங்க, பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடத்துக்குள்ள ஆப்ரோ பிரேசில் மியூசியம் இருக்கு, சின்னதுதான், ஆனா கரிபேங்கற கலைஞர் செதுக்கின 27 மரப்பலகைக்காகவே போகணும். ஒவ்வொரு பலகைலயும் ஒரு ஒரிஷா, அதாவது ஆப்பிரிக்காலேர்ந்து வந்த தெய்வம், ஆள் உயரத்துக்கும் மேல நிக்குது, மரத்துக்குள்ள சோழியும் உலோகமும் பதிச்சிருப்பாரு. இத பாத்துட்டு வெளிய வந்தீங்கன்னா அப்புறம் ஊர்ல பாக்கற மணிமாலைக் கலர், சிலை, காணிக்கை எல்லாத்துக்கும் அர்த்தம் புரிய ஆரம்பிக்கும், அதனாலதான் முதல் நாள்லயே போங்கன்னு சொல்றேன்.

பக்கத்துல தங்க வேலைப்பாடுக்கு பேர்போன சாவ் பிரான்சிஸ்கோ சர்ச் இருக்கு, 2025 பிப்ரவரில அதோட கூரைல ஒரு பகுதி இடிஞ்சு விழுந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்துட்டாங்க, அதோட சர்ச்ச மூடினாங்க, நீங்க போறப்ப என்ன நிலைமைன்னு தங்கற இடத்துல கேட்டுட்டு போங்க.

மத்தியானம் வெயில்ல கல்லு பாவின சரிவுத் தெருவுல மெதுவா நடங்க, செருப்பு வழுக்கும், ஷூதான் சரி. நடக்கும்போது இது எந்த இடம்னு நினைப்புல இருக்கட்டும். இங்கதான் தூண்ல கட்டி அடிமைகள சவுக்கால அடிச்சாங்க, அடிமைமுறை பிரேசில்ல சட்டப்படி முடிஞ்சதே 1888லதான். கலர் கலரா வீடு, முன்னாடி நின்னு போட்டோன்னு மட்டும் பாத்துட்டு போனா அந்த மக்களுக்கு நாம எந்த மரியாதையும் செய்யல. அதே சரிவுல நீல முகப்போட நிக்குது கறுப்பர்களோட ஜெபமாலை மாதா சர்ச், ஹொசாரியோ தோஸ் ப்ரெடோஸ். மத்த சர்ச்சுல சேத்துக்காத அடிமைகளும் விடுதலையானவங்களும் தங்களுக்குக் கிடைச்ச ஓய்வு நேரத்துல தாங்களே கட்டினது, முடிக்க நூறு வருஷம் பக்கம் ஆயிடுச்சு, பின்னாடி அடிமைகளோட கல்லறை இருக்கு. செவ்வாய் சாயங்காலம் ஆறு மணி வாக்குல இங்க பூசை நடக்கும், கத்தோலிக்க பூசைதான், ஆனா அதபாக்கேங்கற ஆப்பிரிக்க மேளத்தோட. காணிக்கை கொண்டு வர்ற நேரத்துல தலைல கூடையத் தூக்கிக்கிட்டு ஆடிக்கிட்டே வருவாங்க, சர்ச் மொத்தமும் கைதட்டும். அரை மணி முன்னாடியே போனாத்தான் உக்கார இடம். போனை உள்ள வச்சுடுங்க, அது அவங்களோட வழிபாடு.

பூசை முடிஞ்சு வெளிய வந்தா தெருவுல கூட்டம் சேர்ந்திருக்கும், எங்கயாவது மேளம் அடிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. ஒலோடும், 1979ல ஆரம்பிச்ச மேளக்குழு, இந்தத் தெருவுல பொறந்ததுதான். நம்ம ஊருக்கு நேரடி தொடர்புள்ள ஒண்ணும் இங்க இருக்கு, ஃபில்யோஸ் தெ காந்தி, அதாவது காந்தியின் பிள்ளைகள். காந்தி இறந்ததுக்கு அடுத்த வருஷம், 1949ல, துறைமுகத்துல மூட்டை தூக்கின தொழிலாளிங்க சேர்ந்து ஆரம்பிச்ச கார்னிவல் குழு. வெள்ளை உடை, தலைல வெள்ளைத் துண்டால கட்டின தலைப்பா, நீலமும் வெள்ளையும் கலந்த மணிமாலை போட்டுக்கிட்டு ஆயிரக்கணக்குல நடந்து போவாங்க. அவங்க அலுவலகம் பெலோரின்யோலயே இருக்கு, இந்தியாலேர்ந்து வர்றேன்னு சொல்லிப் பாருங்க, முகம் மலர்ந்து பேசுவாங்க.

வெள்ளிக்கிழமை போன்ஃபிம். கீழ் ஊர்ல வடக்கால ஒரு சின்ன குன்று மேல இருக்கற சர்ச், ஊர்லயே ரொம்ப நேசிக்கப்படற கோயில்னா இதுதான். வெள்ளி ஒஷாலாங்கற ஒரிஷாவுக்கு உரிய நாள், அதனால அன்னிக்கு ஊர்ல நிறைய பேர் வெள்ளைல இருப்பாங்க, நீங்களும் ஒரு வெள்ளைச் சட்டை போட்டுட்டு போங்க. மாசத்தோட முதல் வெள்ளின்னா கூட்டம் நெரியும். வெளிய இரும்புக் கம்பி முழுக்க கலர் கலரா ரிப்பன் கட்டியிருக்கும், காத்துல படபடன்னு அடிச்சுக்கும், ஒவ்வொண்ணும் 47 சென்டிமீட்டர், உள்ள இருக்கற சிலையோட கை நீளம்னு சொல்வாங்க. மூணு முடிச்சு, மூணு வேண்டுதல், கைல கட்டினா தானா அறுந்து விழற வரைக்கும் கழட்டக்கூடாது. உள்ள ஒரு அறை இருக்கு, அத விட்டுடாதீங்க, வேளாங்கண்ணில வெள்ளில கை, கால் உருவம் செஞ்சு போடுவாங்கல்ல, அதே மாதிரி இங்க மெழுகுல செஞ்ச கை, கால், தலை எல்லாம் கூரைலேர்ந்து தொங்குது, சுவர் முழுக்க குணமானவங்களோட போட்டோ. ஜனவரில ஒரு வியாழக்கிழமை இந்த சர்ச் படிகள கழுவற திருவிழா நடக்கும், கீழ் ஊர் கொன்செய்சாவ் சர்ச்லேர்ந்து எட்டு கிலோமீட்டர் ஊர்வலம், வெள்ளை உடை போட்ட பஹியா பெண்கள் வாசனைத் தண்ணிய தலைல சுமந்துட்டு வருவாங்க. தேதி அமைஞ்சா அதுக்காகவே போகலாம்.

போன்ஃபிம் முடிச்சதும் அப்படியே ஹிபெய்ரா போயிடுங்க, கார்ல பக்கம்தான், 1931லேர்ந்து இருக்கற ஐஸ்கிரீம் கடை ஒண்ணு தண்ணியோரத்துல இருக்கு, அங்க தெரிஞ்ச சாக்லேட்ட விட்டுட்டு தப்பியோகா, கஜா, உம்பு இப்படி அந்த ஊர் ஃப்ளேவரா கேளுங்க.

கடற்கரைக்கு வார நாள் காலை. பார்ரா துறைப் பக்கம் இருக்கற சின்ன பீச் வளைகுடாவ பாத்து இருக்கறதால அலை கிடையாது, குளம் மாதிரி கிடக்கும், நீச்சல் அரைகுறையா தெரிஞ்சவங்களும் பயப்படாம இறங்கலாம், ஆனா ஞாயித்துக்கிழமை மணலே தெரியாது. நாற்காலி, குடைக்கு உக்கார்றதுக்கு முன்னாடியே ரேட் கேட்டுடுங்க. அப்புறம் கரி அடுப்ப கைல தொங்கவிட்டுக்கிட்டு ஒருத்தர் வருவாரு, குச்சில குத்தின கொயால்யோ சீஸ், உங்க முன்னாடியே சுட்டு, மேல ஓரிகானோ தூவி தருவாரு, வெளிய மொறுமொறுன்னு, உள்ள பல்லுல கீச்சுன்னு சத்தம் வரும். வெஜிடேரியன் ஆளுங்களுக்கு இந்த ஊர் பீச்ல இதுதான் துணை. கூடவே ஜில்லுன்னு இளநீர். பிரேசில் கடற்கரைல பெரும்பாலும் சூரியன் கடல்ல உதிக்கும், மறையறது நிலத்துப் பக்கம்தான், இங்க தண்ணிக்குள்ளயே மறையும். கலங்கரை விளக்கம் பக்கத்துப் புல்மேட்டுல ஊரே கூடி உக்காந்திருக்கும், சூரியன் மறைஞ்சதும் கைதட்டுவாங்க. ஜூன்ல அஞ்சேகாலுக்கே மறைஞ்சிடும், டிசம்பர்ல ஆறு ஆகும், அதுக்கேத்த மாதிரி கிளம்புங்க.

சாயங்காலம் பசிக்கறப்ப அகராஜே சாப்பிடணும், அதுக்கு ரியோ வெர்மேலியோ சதுக்கங்கள்தான் இடம். காராமணிய ஊறவச்சு, தோல் நீக்கி, வெங்காயத்தோட அரைச்சு, பெரிய மரக்கரண்டியால அடி அடின்னு அடிச்சு மாவ உப்ப வைப்பாங்க, ரெண்டு கரண்டியால உருட்டி தெந்தேங்கற செக்கச்சிவந்த பனை எண்ணெய்ல போடுவாங்க. எண்ணெய்ச் சட்டிக்குள்ள ஒரு முழு வெங்காயம் மிதக்கும் பாருங்க, எண்ணெய் தீயாம இருக்கறதுக்காக போடறது அது. வெந்ததும் நடுவுல கீறி வதப்பாங்கற ரொட்டி தேங்காய்ப்பால் விழுது, கருருங்கற வெண்டைக்காய் கூட்டு, தக்காளி வெங்காயம், உலர்ந்த இறால் எல்லாம் வச்சு அடைச்சுத் தருவாங்க. வெஜிடேரியன்கள் இங்க கவனமா இருக்கணும், இறால் வேண்டாம்னு மட்டும் சொன்னா பத்தாது, வதப்பாலயும் கருருலயும் அரைச்ச இறால் இருக்கும், சில கடைல மிளகாய் விழுதுலயும் இருக்கும். வெறும் அகராஜே கூட தக்காளி வெங்காயம் மட்டும்னு கேளுங்க, இறால் இல்லாமங்கறதுக்கு "செங் கமராவ்". மீன் சாப்பிடறவங்களா இருந்தா ஒரு வேளை மொக்கேகா, தேங்காய்ப்பால்லயும் தெந்தேலயும் மண்சட்டில கொதிக்கக் கொதிக்க வர்றது, ஒரு சட்டி ரெண்டு பேருக்கு தாராளமா போதும்.

தீவுக்கு போகணும்னா மெர்காடோ மொடேலோ பின்னாடி இருக்கற படகுத்துறைலேர்ந்து இட்டபரிக்கா தீவோட மார் கிராந்திக்கு படகு, முக்கால் மணி நேரம் பக்கம் ஆகும். தண்ணி ரொம்ப வத்தினா படகு நிறுத்திடுவாங்க, அதனால முந்தின நாளே வத்தல் நேரம் பாத்துக்கோங்க. மோஹோ தெ சாவ் பாலோ எல்லாரும் சொல்ற தீவு, அழகுதான், ஆனா வேகப்படகுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல, திறந்த கடல்ல நல்லா தூக்கித் தூக்கிப் போடும், ஒரே நாள்ல போயிட்டு வர்றது வேஸ்ட், ராத்திரி தங்கறதா இருந்தா மட்டும் போங்க.

ஒரிஷாக்கள கும்பிடற மதமான கந்தோம்ப்ளேவோட சடங்கு பாக்க யாராவது கூப்பிட்டா வெளிர் நிற உடை, கருப்பு கூடாது, போட்டோ கூடவே கூடாது, எந்தப் பக்கம் உக்காரச் சொல்றாங்களோ அங்க உக்காருங்க. டூர்னு காசு வாங்கிட்டு கூட்டிட்டுப் போறவங்கள விட அந்தக் கோயிலுக்கே போற உள்ளூர்க்காரங்க மூலமா போறதுதான் முறை. பிப்ரவரி 2ந்தேதி ஊர்ல இருந்தீங்கன்னா ரியோ வெர்மேலியோல இயெமஞ்சா திருவிழா, கடல் தாய்க்கு பூ, சீப்பு, கண்ணாடி, வாசனைத் தைலம்னு கூடை கூடையா படகுல கொண்டுபோய் கடல்ல விடுவாங்க, விடியற்காலையே போய் வரிசைல நில்லுங்க, மத்தியானத்துக்கு மேல அது முழுக்க குடியும் கூத்துமா மாறிடும். மக்காத பிளாஸ்டிக் எதையும் கடல்ல போடாம பூ மட்டும் குடுங்க.

பாதுகாப்பு பத்தி பயமுறுத்த விரும்பல, ஆனா சில விஷயம் கண்டிப்பா செய்யணும். மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நடுவுல இருக்கற சரிவுச் சாலைகள்ல நடக்காதீங்க, லிஃப்ட்தான். இருட்டினதும் கீழ் ஊர் காலியாயிடும், ஞாயிறு பகல்லயும் அப்படித்தான், அந்த நேரம் ஊபரோ, 99ங்கற இன்னொரு டாக்சி ஆப்போ புக் பண்ணி வாசல்லேர்ந்து வாசல். தெருவுல நின்னு போன் பாக்காதீங்க, கடைக்குள்ள போய் பாருங்க. பெலோரின்யோல கைல ரிப்பன் கட்டறேன், பெயின்ட் வரையறேன்னு சிரிச்சுக்கிட்டே கையப் பிடிப்பாங்க, கட்டினதும் காசு கேப்பாங்க, கையக் குடுக்காம நன்றி சொல்லிட்டு நடந்துடுங்க. பஹியா உடைல நிக்கற பெண்களோட போட்டோ எடுக்கறதுக்கு காசு உண்டு, அது அவங்க தொழில், முதல்லயே கேட்டு குடுத்துடுங்க.

ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் மழை அதிகம், செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் தொடக்கம் வரைக்கும் வெயிலும் நல்லாருக்கும், கூட்டமும் கம்மி. கார்னிவல் சமயத்துல வாடகை எல்லாம் எகிறிடும், அது தனியா பிளான் போடவேண்டிய கதை.

கடைசியா, இந்தியாலேர்ந்து போறவங்க மஞ்சள் காய்ச்சல் ஊசிய கிளம்பறதுக்கு பத்து நாள் முன்னாடியாவது அரசு அங்கீகரிச்ச மையத்துல போட்டு அந்த மஞ்ச அட்டைய பாஸ்போர்ட்டோடயே வச்சுக்கோங்க. அட்டை இல்லாம பிரேசில்லேர்ந்து திரும்பி வந்தா ஏர்போர்ட்லேர்ந்தே ஆறு நாள் வரைக்கும் தனிமைல வைக்க முடியும். விசா வேணும், சீக்கிரமே அப்ளை பண்ணுங்க. ஊருக்குள்ளேர்ந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ இருக்கு, கடைசி ஸ்டேஷன்ல இறங்கினா அங்கேர்ந்து ஃப்ரீ பஸ், பகல் ஃப்ளைட்னா டாக்சிக்கு செலவு பண்ண வேண்டியதே இல்ல.