கழிவுநீர் நிலையம் கெட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

மலேசியாவில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு)ப் பின்னால், செம்பனை எனும் எண்ணெய்ப் பனை வரிசை தொடங்கும் இடத்தில், சுமார் 2,000 பேருக்கான சின்னக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாற்றம் வந்தால்தான் ஊருக்கு அதன் ஞாபகம் வரும். அங்கே சில வருடம் வேலை பார்த்தேன். நிலையத்தின் மேல் சொல்லப்படும் குற்றங்களில் பல எங்கள் அடுப்படியிலிருந்து வந்தவை.

தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றி, மேலே வெந்நீர் விட்டால் போய்விடும் என்று நினைக்கிறோம். வீட்டை விட்டுப் போகிறது, சரி. குழாயில் சோப்பும் மாவுத் துகளும் சேர்ந்து கட்டியாகி, கழிவுநீர் வந்து சேரும் பம்ப் கிணற்றில் மிதக்கும். தண்ணீர் ஏறினால் பம்பை ஓட வைக்கும் மிதவை சுவிட்ச் அதில் ஒட்டிக்கொண்டால் எழும்பாது, பம்பும் ஓடாது. ஒரு தீபாவளி மறுநாள் அந்த மிதவையை மேலே இழுத்துப் பார்த்தேன், தேங்காய் அளவுக்குக் கொழுப்பு அப்பியிருந்தது. அதற்குள் மேன்ஹோல் தெருவில் பொங்கிவிட்டது. ஆறிய எண்ணெயை போத்தலில் ஊற்றி வைத்தால் இந்தக் கதையே இல்லை.

கூரைத் தண்ணீரைக் கழிவுக் குழாயில் இணைப்பது இன்னொன்று. இங்கே ஒரு ஆளுக்கு நாளுக்கு 225 லிட்டர் என்று கணக்கிட்டு நிலையம் கட்டுகிறார்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். ஒரே வீட்டிலிருந்து 22 பேரின் ஒரு நாள் கழிவுநீர் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கினால், சேறு அடியில் தங்கித் தண்ணீர் தெளிய வேண்டிய படிவுத் தொட்டியில் இருக்கும் சேறு ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போகும்.

அந்தச் சேறுதான் வேலைக்காரன். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டம் அது. புதிதாக வருகிறவர்கள் அதை அழுக்கு என்று நினைத்து ஒரேயடியாக வெளியேற்றிவிடுவார்கள், இல்லையென்றால் மாதக்கணக்கில் தொடவே மாட்டார்கள். சேற்றுக்குக் காற்று ஊதும் காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டரை ஜாடியில் எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். சேறு எவ்வளவு கீழே இறங்குகிறது, மேலே தண்ணீர் தெளிகிறதா என்று தினமும் எழுதி வந்தால், கோளாறு பெரிதாகும் முன்பே தெரிந்துவிடும். வெளியேற்றும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். படிவுத் தொட்டியில் சேறு குமிழியோடு கட்டி கட்டியாக மேலே வந்தால் பயந்து குளோரின் கொட்டாதீர்கள், நல்ல உயிரும் சேர்ந்து சாகும். அநேகமாகச் சேறு அடியில் அதிக நேரம் கிடந்து நைட்ரஜன் வாயு விட்டிருக்கும். சேற்றைக் காற்றுத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்ப் ஒழுங்காக இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்கட்டணம் மிச்சம் என்று ராத்திரி முழுக்க, காற்று ஊதும் புளோவரை அணைத்தால், காலையில் கறுத்த சேறும் அழுகல் நாற்றமும்தான் மிச்சம். டைமர் வைத்து இடையிடையே நிறுத்துவது வேறு விஷயம்.

‘ஆலைத் தண்ணீரும் கழிவுநீர்தானே, உள்ளே விடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. செம்பனை ஆலைக் கழிவில் பிஓடி (அழுக்கைத் தின்ன நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு சுமார் 25,000 மில்லிகிராம், வீட்டுக் கழிவில் இருநூற்றுச் சொச்சம். 10 கன மீட்டர் லாரி ஒன்று கொட்டினால், ஆளுக்கு 55 கிராம் கணக்கில் சுமார் 4,500 பேரின் ஒரு நாள் சுமை. எங்கள் நிலையம் அன்றைக்கே படுத்துவிடும்.

கடைசியாக, பம்ப் கிணற்றுக்குள் ‘ரெண்டே நிமிஷம்’ என்று இறங்குவது. அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடினால் மூக்கே மரத்துப்போகும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் ஆளும் விழுவார். வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், இடுப்புக் கயிறு, மேலே நிற்க ஆள், இறங்கப் பயிற்சி பெற்றவர் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். பம்ப் நாளைக்கும் கெட்டே கிடக்கட்டும்.